சொல்லாதது அப்படியே இருக்கும்

அந்த நிலையத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். தூத்துக்குடிக்காரர்கள் அதைக் கூப்பிட்டது பஞ்சர் கடை என்றுதான். சைக்கிள் டியூபில் எங்கே ஓட்டையோ அங்கே மட்டும்தானே ஒட்டுப் போடுவார்கள்? முழு டியூபையும் யார் மாற்றுகிறார்கள்? அங்கே நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். டியூபுக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனிதர்கள் என்றால், வலம்புரி கப்பலில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள். வியாழனைச் சுற்றும் நிலவு ஒன்றில் பனியைக் குடையும் வேலை. போவதற்கு ஒரு வருடம் போதும். வேலை முடிந்து பனிப் பாரத்தோடு வீடு திரும்ப எட்டு வருடம். அத்தனை வருடமும் விழித்திருந்தால் சோறும் போதாது, புத்தியும் தாங்காது என்று தூங்கப் போட்டுவிடுவார்கள். முதல் கப்பலில் வந்தவர்கள் கண்ணைத் திறந்ததும், எட்டு வருடத்துச் சாவும் கல்யாணமும் ஒரே நாளில் தலையில் கொட்டின. சிலர் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. வீட்டில் ஏதாவது மாறினால் தூக்கத்திலேயே அதை மனதுக்குள் அனுப்பிவிடுவது. விழிக்கும்போது அது எப்போதோ கேட்ட சேதியாக உள்ளே கிடக்கும்.

மனிதனின் மனதை மொத்தமாக எழுதி அனுப்ப முடியாது. அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவு பாரம் போகாது. போனாலும், எழுந்து வருகிறவன் நாம் எழுதிய ஆளாக இருப்பானே தவிர வீட்டை விட்டுப் போன ஆளாக இருக்கமாட்டான். ஆகவே, மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் விதியை ஒட்டியிருந்தார்கள்: ‘சொன்னது மாறும். சொல்லாதது அப்படியே இருக்கும்.’

மெர்சலின் எட்டு வருடமாக அந்தச் சுவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தாள். வருகிற குடும்பங்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொல்வதைக் கேட்டு, அதில் எது மாறியதோ அதை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு வரியாகச் சுருக்கி அனுப்புகிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர். தன் அண்ணனுக்கு மட்டும் ஒரு வரியை அவள் எட்டு வருடமாக அனுப்பவில்லை.

அண்ணன் கஸ்பார் வலம்புரியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்கப்போன சில மாதத்தில் அவன் மகள் ரெனிட்டா இறந்துபோனாள். ஒன்பது வயது.

கஸ்பாரின் மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூட டீச்சர். அந்த வாரம் ஏதோ பயிற்சி என்று மதுரைக்குப் போயிருந்தாள். பிள்ளையை மெர்சலின்தான் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தது, பிறகு விட்டது. விட்ட பிறகு பிள்ளை, “அத்த, வயிறு வலிக்கி” என்றது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று நினைத்தாள் மெர்சலின். வேலையில் சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை, லீவு கேட்கத் தயக்கம் வேறு. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்ட்டி, தூங்கு” என்றாள். கொசுக்காய்ச்சல் விட்ட மாதிரி நடித்துவிட்டுத்தான் ஆளைக் கொல்லும் என்பது மறுநாள் டாக்டர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும், கடலில் பாதி ஆயுளைக் கழித்த சூசை மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “கப்பல்ல இருக்கவனுக்குச் சாவு சொல்லக் கூடாது. வந்து சேரவும் முடியாது, அழுது தீக்கவும் முடியாது. கரைக்கு வரட்டும், சொல்லுவோம்.” அந்தக் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பழக்கம் அது. மெர்சலின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாவைச் சொன்னால் எப்படிச் செத்தாள் என்பதையும் சொல்ல வேண்டுமே. மாமா கொடுத்தது பழக்கம், அவள் எடுத்துக்கொண்டது சாக்கு. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு எட்டு வருடமாக அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவளும் ஜெசிந்தாவும் சேர்ந்து உட்கார்ந்து சேதி அனுப்புவார்கள். வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். சூசை மாமாவுக்குக் கண் ஆபரேஷன். மீன் விலை ஏறிவிட்டது. பிள்ளையைப் பற்றி ஜெசிந்தாவும் பேசமாட்டாள், மெர்சலினும் கேட்கமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒரு நாள் கூத்து என்றால் பரவாயில்லை. இவர்கள் வருடாவருடம் மறைத்தார்கள்.

இப்போது கப்பல் நெருங்கிவிட்டது. எழுப்புவதற்கு ஒரு மாதம் முன்னால் சேதி வாசலை அடைத்துவிடுவார்கள். இனியும் சொல்லாவிட்டால் அண்ணன் இறங்கி வந்து கூட்டத்தில் மகளைத் தேடுவான்.

மெர்சலின் டாக்டர் பரமகல்யாணியின் அறைக்குப் போனாள். தூங்குகிறவர்களின் மனதுக்கு அந்த அம்மாள்தான் பொறுப்பு.

“ஒரு சந்தேகம் டாக்டர். நாம சொல்லாம விட்டது உள்ள எப்படி இருக்கும்? அப்படியே உறைஞ்சு போயா?”

“உறையாது. தூங்குறவங்க மனசு சும்மா இருக்கும்னு நினைக்காதீங்க. உள்ள இருக்கிறதை வச்சு அது பாட்டுக்கு வாழ்ந்துட்டு இருக்கும். சின்னப் பிள்ளைய விட்டுட்டுப் போனவங்களுக்கு, உள்ள அந்தப் பிள்ளை வளரும். ஸ்கூல் முடிக்கும், காலேஜ் போகும்.”

ரெனிட்டாவுக்கு இப்போது பதினேழு இருக்கும். அண்ணனுக்குள் அவள் சேலை கட்டிக்கொண்டு நின்றாலும் நிற்பாள். “அப்பம் கடைசி நேரத்துல உண்மையச் சொன்னா?”

“சொன்னது மாறும். சொன்னது மட்டும்தான் மாறும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டாவது கப்பல்ல வந்த கோயில்பிள்ளை கதை தெரியும்ல?”

தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. கோயில்பிள்ளை அண்ணாச்சியின் வீட்டை விற்றுவிட்டதாக முறையாகச் சேதி போனது. அவர் எழுந்து வந்தார். யார் கேட்டாலும் வீடு விற்றுவிட்டது, இன்ன விலைக்குப் போனது என்று சரியாகச் சொல்வார். சாயங்காலமானால் எழுந்து பழைய வீட்டுக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டுவார். புதுசாக வாங்கியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அண்ணாச்சிக்கென்று வாசலில் ஒரு நாற்காலியே போட்டுவிட்டார். “வித்தாச்சுன்னு தெரியும் தம்பி, காலு கேக்க மாட்டேங்கு” என்பாராம் அண்ணாச்சி. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கு மெர்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

“காலுக்கும் ஒரு சேதி அனுப்பியிருக்கலாமே டாக்டர்?”

“அனுப்ப முடியாதும்மா. நடந்ததுக்கு முகவரி உண்டு, இன்ன நாள், இன்ன ஆள், இன்ன இடம்னு. பழக்கத்துக்கும் பாசத்துக்கும் கோவத்துக்கும் முகவரி கிடையாது. மனசு முழுக்கப் படர்ந்து கிடக்கும். நாம எங்கன்னு எழுதி அனுப்புறது?”

மெர்சலின் தன் மேசைக்கு வந்தாள். ‘பிள்ளை’ என்ற பகுதியைத் திறந்தாள். எட்டு வருடமாகக் கைவைக்காத பகுதி. எழுதினாள்: ‘ரெனிட்டா காய்ச்சலில் இறந்துவிட்டாள்.’ அடுத்த வரிக்கு விரல் வரவில்லை. அழைத்துப்போகத் தாமதித்தது யார் என்பது இப்போது எதற்கு? செத்ததைச் சொன்னால் போதாதா? மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பட்டது போதாதென்று, அதையேதான் மறுபடியும் தனக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

கப்பல் பக்கத்தில் வந்துவிட்டதால் பதில் வர ஓரிரு நிமிடம்தான் ஆனது. வந்த பதிலை அவள் இரண்டு தடவை படித்தாள்.

‘ஏற்கப்படவில்லை. உங்களிடம் உள்ள முத்திரை பழையது.’

அது என்ன முத்திரை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆளுக்கு வீட்டில் இரண்டு பேர் சேதி அனுப்பலாம். ஒருவர் எழுதியதை அறியாமல் இன்னொருவர் அதன் மேலேயே எழுதிவிடக் கூடாது அல்லவா? அதனால் மனதின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. அந்தப் பகுதி மாறினால் எண்ணும் மாறும். பழைய எண்ணோடு வருகிற சேதியைக் கப்பல் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மனைவியின் சம்மதம் வேண்டும். தூங்குகிறவனின் மனதைக் கண்டவர்கள் திறந்து பார்க்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு.

அதாவது, பிள்ளை என்ற பகுதியை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அண்ணனுக்கு எழுத உரிமை இருந்தது இரண்டே பேருக்கு: அவளுக்கும் மைனி ஜெசிந்தாவுக்கும்.

அடுத்த மேசையில் முத்துமாலை இருந்தான். ஆரம்பத்திலிருந்து அவளோடு வேலை பார்க்கிறவன். திரையை எட்டிப் பார்த்தவன் உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

“முத்துமாலை, மைனி உங்கிட்ட வந்தாங்களா?”

“யக்கா, எங்கிட்ட கேக்காதீங்க. சத்தியம் பண்ணிக் கொடுத்துத்தான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். நீங்களும்தான்.” தன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். “மைனிட்டயே போய்க் கேளுங்க. சீக்கிரம் போங்க.”

ஜெசிந்தா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். உப்பளத்துக் காற்றில் சேலைகள் கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மெர்சலின் வந்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள்.

“அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா மைனி?”

“சொல்லிட்டேன்.”

“எப்பம்?”

“முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும். நீ லீவுல இருந்த. முத்துமாலைதான் எழுதுனான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மைனி. இத்தன வருசமா அண்ணனுக்குள்ள பிள்ள இன்னும் உசுரோட இருக்குன்னு நெனச்சு நெனச்சு நான் செத்துட்டிருந்தேன்.”

“நீயும்தான் எங்கிட்டச் சொல்லல, இன்னும் எழுதலன்னு.” ஜெசிந்தா அடுத்த துணியை எடுத்தாள். “பெத்த தகப்பனுக்குப் பிள்ள செத்தது தெரியாண்டாமா? கப்பல்ல இருக்கவனுக்குச் சொல்லக் கூடாதுன்னா, கப்பல் வர்றதுவரைக்கும் அவ உசுரோட இருந்தான்னு ஆயிடுமா? எனக்கு அது பொறுக்கல.”

“என்னன்னு சொன்னீங்க?”

ஜெசிந்தா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நான் வீட்லதான் இருந்தேன்னு சொன்னேன். நாளைக்குப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்னு.”

மெர்சலின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

“எதுக்கு மைனி? எதுக்கு அப்படிச் செஞ்சீங்க? என் மேல உங்களுக்கு அவ்வளவு...”

“பாசமா? போடி.” ஜெசிந்தாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அன்னைக்கி ஒன்னையக் கொன்னுபோடணும் போல இருந்துச்சு எனக்கு. ஒரே வீட்டுல உக்காந்து, நீ போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு, ஒம் மொகத்தப் பாக்க முடியாமக் கெடந்தேன். எனக்கே இப்படின்னா அவருக்கு எப்படி இருக்கும்? தாய் தகப்பன் இல்லாம தோள்ல தூக்கி வளத்த தங்கச்சி நீ. ஒன்னைய வெறுத்துட்டா அந்த மனுசனுக்கு வேற யாரு இருக்கா? புருசன் பொண்டாட்டிக்குள்ளன்னா சண்ட போடலாம், அடிச்சுக்கலாம், ஒரு நா இல்லாட்டி ஒரு நா தீந்துரும். கூடப்பொறந்தவ மேல வந்தா தீராது. அதான்.”

கீழே தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

“அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பாத்தேன்,” என்றாள் ஜெசிந்தா. “நீ ஒக்காந்து எழுதும்போது, இந்த வருசம் தானா வாயத் தொறந்து உண்மையச் சொல்லுவியான்னு. நீ எழுதுனா கப்பல் திருப்பி அனுப்பும். என்னன்னு எங்கிட்ட வந்து கேப்ப. அன்னைக்கி ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருக்கலாம்.”

“எனக்குத் தெரியாதே மைனி...”

“நீ சொல்லிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

எட்டு வருடத்தில் எந்த நாள் சொல்லியிருந்தாலும் போதும். அடுத்தவள் தன் பழியைச் சுமக்கிறாள் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தாள். உண்மையில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் குனிந்து ஜெசிந்தாவின் காலைத் தொடப்போனாள். ஜெசிந்தா நகர்ந்துகொண்டாள்.

“கால்ல விழுந்து என்ன ஆவப்போவுது? போயி மாத்து. நான் சம்மதக் கையெழுத்து போட்டுத் தாரேன்.”

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நிலையத்துக்குப் போனார்கள். ஜெசிந்தா சம்மதம் கொடுத்ததும் அந்தப் பகுதி திறந்தது. அவள் சொன்னபடியேதான் இருந்தது, ஒரு சொல் மாறவில்லை. மெர்சலின் புது முத்திரையை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். இந்த முறை விரல் நிற்கவில்லை.

‘அன்று ஜெசிந்தா மதுரையில் இருந்தாள். ரெனிட்டாவைப் பார்த்துக்கொண்டது மெர்சலின். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னவள் மெர்சலின்.’

டாக்டர் பரமகல்யாணி படித்துப் பார்த்தார். “எட்டு வருஷம் உள்ள கிடந்திருக்கு, மெர்சலின். நீங்க இப்ப மாத்துறது இந்த மூணு வரிய மட்டும்தான்.”

“அது போதும் டாக்டர். மைனி பேரு அதுல இருந்து போனாப் போதும். அண்ணன் என்னையக் காறித் துப்பட்டும்.”

அனுப்பினார்கள். கப்பல் ஏற்றுக்கொண்டது. வாசல் அடைபட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மெர்சலினுக்கு ஒரு விசித்திரமான நிம்மதி இருந்தது. அண்ணன் வந்து என்ன சொல்வான், எப்படித் திட்டுவான் என்று யோசித்துப் பார்ப்பாள். யோசிக்க யோசிக்க ஆறுதலாகவே இருந்தது. அடி கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்பது போல நின்றாள். ஜெசிந்தாவும் அந்த நாட்களில் கொஞ்சம் பேசினாள். ஒரு நாள் ரெனிட்டாவின் பழைய பாவாடை ஒன்றை எடுத்துக் காட்டி, “இது ஒனக்கு ஞாபகம் இருக்கா?” என்றுகூடக் கேட்டாள். இரண்டு பேரும் அன்றுதான் சேர்ந்து அழுதார்கள்.

கஸ்பார் வந்தான். தலை நரைத்திருந்தது, நடை தள்ளாடியது. இறங்கியவர்களைப் பார்க்கச் சொந்தக்காரர்களை வரிசையாக விட்டார்கள். மெர்சலின் முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தலையில் கை வந்து விழுந்தது. அடியாக இல்லை. சின்ன வயதில் தலை துவட்டிவிடுவானே, அதே கை.

“எளச்சிட்டியே மெர்சி,” என்றான்.

“அண்ணா... ரெனிட்டா... நான்தான்...”

“தெரியும். நீதான் அன்னைக்கிக் கூட இருந்த. நாளைக்குப் போவோம்னு சொன்னது நீதான். எல்லாம் தெரியும்ட்டி.” அவன் கண் கலங்கியது. “போவட்டும். நீ சின்னப் பிள்ள, ஒனக்கு என்ன தெரியும்?”

பக்கத்தில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். அந்த நாளுக்கென்று எடுத்த புதுச் சேலை. அவன் அவள் பக்கம் திரும்பினான். திரும்பியதும் முகம் இறுகியது. அவள் நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை. அவள் தூக்கிக்கொண்ட தன் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

வண்டியில் வரும்போது ஜெசிந்தா முன்சீட்டில் இருந்தாள். பின்னால் கஸ்பார் மெர்சலினிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். “அவ மேல தப்பு இல்லன்னு தெரியும்ட்டி. அவ ஊர்லயே இல்ல, மதுரையில இருந்தா. நல்லாத் தெரியும். ஆனா அவளப் பாத்தா வவுறு பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்லத் தெரியல. என்ன எழவோ, மனசு கேக்க மாட்டேங்கு.”

மெர்சலினுக்குக் கோயில்பிள்ளை அண்ணாச்சிக்காக வாசலில் போட்ட அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. எட்டு வருடம் உள்ளே ஊறிய கோபம். அதற்கு முகவரி கிடையாது. இனி வாசலும் கிடையாது, ஆள் விழித்துவிட்டான். முன்சீட்டில் ஜெசிந்தாவின் தலை ஆடவில்லை, திரும்பவும் இல்லை. அவள் காதில் விழுந்திருக்கும்.

வீட்டில் ஜெசிந்தா காலையிலேயே எழுந்து சமைத்து வைத்திருந்தாள். சீலா மீன் குழம்பு, அவனுக்குப் பிடித்தது. கஸ்பார் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜெசிந்தா கரண்டியோடு பக்கத்தில் வந்தாள். அவன் தட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான்.

“மெர்சி,” என்று கூப்பிட்டான். “நீ போடுட்டி.”

ஜெசிந்தா கரண்டியை நாத்தனாரிடம் நீட்டினாள். மெர்சலின் அதை வாங்கி அண்ணனுக்குச் சோறு போட்டாள்.